மோர்கனா திடீரென்று மாறியது ஏன்?

பிபிசி ‘மெர்லின்’ தொடரின் மூன்றாம் சீசன் தொடங்கியதும் மோர்கனா வில்லியாகச் சிரிக்கிறாளே, நடுவில் ஏதாவது எபிசோடை விட்டுவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, நீங்கள் எதையும் விடவில்லை. இரண்டாம் சீசனுக்கும் மூன்றாம் சீசனுக்கும் நடுவில் கதையில் ஒரு வருடத்தை அப்படியே தாண்டிவிட்டார்கள், அவள் மந்திரக்காரி மார்காஸோடு இருந்த அந்தக் காலத்தைத்தான் நமக்குக் காட்டியிருக்க வேண்டும்.

ஆனால் காரணம் இரண்டாம் சீசனிலேயே இருக்கிறது. 3ஆம் எபிசோடை மறுபடி பாருங்கள். தனக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று தெரிந்து அவள் பயந்து நடுங்கும்போது, தனக்கும் அந்தச் சக்தி இருக்கிறது என்று மெர்லின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் 12ஆம் எபிசோடில், அவர்கள் வாழும் கேமலாட் ராஜ்யத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், நண்பன் என்று அவள் நம்பிய அவனே அவளுக்குத் தண்ணீரில் விஷம் கலந்து கொடுக்கிறான். குடித்துவிட்டு அவனைப் பார்ப்பாளே ஒரு பார்வை, எனக்கு அந்த இடத்திலேயே அவள் மாறிவிட்டாள். கேமலாட்டின் ராஜா ஊதர்தான் தன் அப்பா என்பது மூன்றாம் சீசனின் 5ஆம் எபிசோடில் தெரிய வரும்போது கோபம் இன்னும் முற்றுகிறது, அதனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.