பனீர் கெடாமல் இருக்க நறுமண எண்ணெய்: கேள்வி பதில்

பால்பொருள் நுண்ணுயிரியல் படித்துவிட்டு மதுரை வட்டாரச் சிறு பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். பனீரிலும் சீஸிலும் கிராம்பு, ஓம எண்ணெய் சேர்க்கலாமா என்று பலரும் கேட்டதற்கு இங்கே பதில். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

உசிலம்பட்டி: சார், கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று படித்தேன். என் பனீரில் பலனே தெரியவில்லையே?

சரியான கேள்வி. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. இரண்டும் கிருமியின் சவ்வைச் சிதைப்பவை. ஆனால் கொழுப்பைக் கண்டால் அதில் போய்க் கரைந்துவிடும். புரதமும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமி வளர்வதோ ஈரத்தில். அதனால் ஆய்வுக்கூடத் தட்டில் வேலை செய்த அளவு பனீருக்குப் பற்றாது, பல மடங்கு வேண்டும். அவ்வளவு ஊற்றினால் பல்வலி மருந்து மாதிரி வாடை அடிக்கும். லிஸ்டீரியா, ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமிகள் ஓரளவு அடங்கும். ஈ.கோலை, சால்மோனெல்லாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, தாக்குப்பிடிக்கும். சீஸாக இருந்தால் உறைக்கு விடும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அடிவாங்கும். பூஞ்சை மேற்பரப்பில்தான் பிடிக்கிறது; ஆகவே பாலில் கலப்பதைவிட, பனீரைச் சுற்றும் உறைப்படலத்தில் எண்ணெயைச் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

அண்ணாநகர்: கிலோவுக்கு எத்தனை சொட்டு?

சொட்டுக் கணக்கு வேண்டாம்மா, புட்டிக்குப் புட்டி மாறும். உணவுக்கானது என்று அச்சிட்ட எண்ணெயை, தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கொடைக்கானலில் வாங்கிய யூகலிப்டஸ் தைலம்?

கூடவே கூடாது. உள்ளுக்குப் போனால் விஷம். தைலக்கடைப் புட்டி எதையும் பாலில் விடாதீர்கள்.

திருமங்கலம்: எண்ணெய் சேர்த்தால் பச்சைப்பாலிலேயே சீஸ் போடலாமா?

கூடாது. பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கியே ஆகவேண்டும். அதற்கு எந்த எண்ணெயும் ஈடில்லை.

மேலூர்: எங்கள் அப்பத்தா முருங்கை இலை போட்டு உருக்கிய நெய் மாதக்கணக்கில் கெடாது. இயற்கைப் பொருளைக் குறைத்துப் பேசாதீர்கள் சார்.

குறைக்கவில்லை அண்ணே, அப்பத்தா செய்தது சரிதான். ஆனால் நெய்யில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை, கிருமி வளர வழியில்லை. இலை தடுப்பது காற்றுபட்டு வரும் சிக்கு வாடையை. பனீரில் பாதிக்கு மேல் தண்ணீர்.

மேலூர்: அப்போ கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட மோர்?

மோரைக் காப்பது அதன் புளிப்பு. புளிப்பு கூடினால் இந்த எண்ணெய்களுக்கும் வேகம் கூடும் என்பது உண்மை. பனீரில் அவ்வளவு புளிப்பு இல்லை.

ஒத்தக்கடை: நான் மேலூர் அண்ணன் பக்கம். மல்லிகை எண்ணெய் சேர்த்தால் என்ன?

மல்லிகைச் சாறு பெரும்பாலும் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எடுப்பது, சென்ட்டுக்கு. அதற்கும் தைலக்கடை விதிதான்.

செல்லூர்: எத்தனை சொட்டு என்று சொல்லவே இல்லையே?

மேலே சொன்னதுதான்: சொட்டு இல்லை, தராசு.

எண்ணெய் போட்டால் ஃப்ரிட்ஜ் வேண்டாமா? கடைக்கும் கொடுக்கலாமா?

ஃப்ரிட்ஜ் கட்டாயம், 4 டிகிரிக்குள். லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்ல வளரும், அதனால் நாள் கடத்தாதீர்கள். விற்பனை, லேபிள் விஷயத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.