டையாக்சினால் எண்டோமெட்ரியோசிஸ் வருமா?

கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை போன்ற இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உணவு வழியாக உடலில் சேரும் நச்சு ரசாயனமான டையாக்சினுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. ஆனால் மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை.

சந்தேகம் பலமாகக் கிளம்பியது குரங்குகளை வைத்துத்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரீசஸ் பெண் குரங்குகளுக்கு 4 ஆண்டுகள் உணவில் டையாக்சின் கலந்து கொடுத்தார்கள். நிறுத்திப் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதிக அளவு உட்கொண்டவற்றுக்கு நோயும் கடுமையாக இருந்தது. 1993இல் வெளியான இந்த முடிவு பலரையும் உலுக்கியது. டையாக்சின் உடல் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும். கருப்பை உட்படலம் போன்ற அந்தத் திசுவை அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையையும் குலைக்கும்.

சரி, பெண்களிடம்? 1976இல் இத்தாலியின் செவேசோ அருகே ரசாயன ஆலை விபத்தில் டையாக்சின் பரவியது. ரத்தத்தில் அது அதிகம் இருந்த பெண்களுக்கு ஆபத்து இரு மடங்கு போலத் தெரிந்தது. ஆனாலும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் வலுவாக இல்லை.

அதனால் “நான் எதையோ சாப்பிட்டுத்தான் வந்தது” என்று தயவுசெய்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். மரபுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மாதாமாதம் வலி படுக்க வைத்தால், பொறுத்துக்கொள்ளாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.