ரீடிங்கில் அந்த 10 நிமிடம் கிடையாது

தம்பி, திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் (வெளிநாட்டில் மேற்படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வு) படிப்பதாகவும், மாதிரித் தேர்வில் ரீடிங் விடைகளை விடைத்தாளில் ஏற்ற நேரம் போதவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

விடையை ஏற்றத் தனியாக 10 நிமிடம் தருவது லிசனிங்கில்தான், அதுவும் தாளில் எழுதுபவர்களுக்கு. ரீடிங்கில் 3 நீண்ட வாசிப்புப் பகுதிகள், 40 கேள்விகள், எல்லாம் 60 நிமிடத்துக்குள். அதனால் விடை தெரிந்த உடனே விடைத்தாளில் எழுதிவிடுங்கள். கேள்வித்தாளில் குறித்துவைத்து அப்புறம் பார்க்கலாம் என்றால் நேரம் ஓடிவிடும். நானும் மதுரையில் படித்தபோது இப்படித்தான் கடைசி 6 விடைகளை வெறுமனே விட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

ரைட்டிங்கில் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. முதல் கேள்வியான வரைபட விளக்கத்துக்கு 20 நிமிடம் போதும், இரண்டாவதான கட்டுரைக்கு 40 ஒதுக்குங்கள்.

ஸ்பீக்கிங்கில் தலைப்பு எழுதிய அட்டை கொடுத்து 1 நிமிடம் யோசிக்கச் சொல்வார்கள். ஒரு திருவிழாவைப் பற்றிக் கேட்டால், அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்த்தவருக்கு 2 நிமிடம் பேச விஷயமா இல்லை? இன்று ராத்திரியே ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.