அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்கள் அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஏன் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்?

கேள்வி கேட்ட சகோதரியின் கணவர், அங்கே சனிக்கிழமை நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க, சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, ஹாலில் தனியாக உட்கார்ந்து கத்துகிறாராம். இரண்டு வருடம் படித்த ஊர்மேல் இவ்வளவு பாசமா என்று கேட்கிறார். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கைக்குழந்தை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முறைப்பு என்று மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான். நான் உங்கள் கணவர் கட்சி.

நான் படித்தது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், பேட்டன் ரூஜ். எல்எஸ்யூ என்பார்கள். வேதிப் பொறியியல். ஊரை ஒட்டி மிசிசிப்பி ஆற்றங்கரையில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. பிறகு சிங்கப்பூரின் ஆலைத் தீவான ஜூரோங் தீவில் வேலைக்குச் சேர்ந்தபோது காற்றின் வாடைகூடப் பழகியதாகவே இருந்தது. பேட்டன் ரூஜில் சிங்கப்பூர் என்று சொன்னால் சீனாவில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வாரம் முழுக்க யாரிடமும் பேசாமல் ஆய்வுக்கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தவனை, ஒரு சனிக்கிழமை ஸ்டேடியத்துக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த முன்பின் தெரியாத குடும்பம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது. கம்போ. வெண்டைக்காய் போட்ட காரமான குழம்பு, அதில் ஒரு கை சோறு. அதன்பிறகு நான் அந்த அணியின் ஆள். காரணம் இவ்வளவுதான். ஆட்ட விதிகளெல்லாம் மெதுவாகத்தான் புரிந்தன.

அந்த டைகர் ஸ்டேடியத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000. 1988-ல் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது, நம் கோல் மாதிரி) விழுந்தபோது கூட்டம் குதித்த குதியில், வளாகத்திலிருந்த நில அதிர்வுக் கருவியிலேயே கோடு விழுந்ததாம். கல்லூரி ஆட்டம்தானே என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் காலத்தில் நடந்தது சோகம். 2011 சீசனில் இறுதி ஆட்டம் வரை எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தோம். அலபாமா பல்கலைக்கழக அணியை அவர்கள் ஊரிலேயே 9-6 என்று முடித்தோம். பிறகு 2012 ஜனவரியில் தேசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே அலபாமா 21-0 என்று துவைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் நடுக்கோட்டைத் தாண்டியதே ஒரு முறைதான். அதிலிருந்து தொடர்ந்து எட்டு முறை அலபாமாவிடம் தோல்வி. நான் சிங்கப்பூர் திரும்பி, கல்யாணமும் ஆகி, அப்புறமும் அது நிற்கவில்லை.

அதனால்தான் 2019 எனக்கு முக்கியம். ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் எங்களிடம் வந்தவர். முதல் வருடம் சுமார். அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் தாக்குதல் முறையையே மாற்றினார். அந்த சீசன் முடிவில் பரோ எறிந்த டச்டவுன்கள் 60. அதுவரை கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டத்தில் ஒரே சீசனில் யாரும் தொடாத எண்ணிக்கை.

ஆபர்ன் ஆட்டம் வந்தது சிங்கப்பூர் நேரப்படி தீபாவளி விடிகாலையில். அக்டோபர் 27, மூன்றரை மணி. அம்மா நல்லெண்ணெயைச் சூடுபண்ணி வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். இடைவேளையில் ஓடிப்போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு திரும்ப உட்கார்ந்தேன். 23-20, மூன்றே புள்ளியில் தப்பித்தோம். "யார்டா ஜெயிச்சா, உன் வாத்தியாரா?" என்று அம்மா கேட்டார்.

நவம்பரில் அலபாமா. பாதி ஆட்டத்தில் 33-13 என்று நாங்கள் முன்னே. அப்படியே நிம்மதியாக முடிந்திருக்கலாம். அவர்கள் விரட்டிக்கொண்டு வந்தார்கள், கடைசியில் 46-41 என்று ஜெயித்தோம். எட்டு வருடப் பாக்கி தீர்ந்தது. ஞாயிறு காலை எட்டு மணிவாக்கில் நான் அழுதேன் என்று என் மனைவி சொல்கிறார், எனக்குச் சளி.

டிசம்பர் 28 அரையிறுதியில் ஓக்லஹோமாவை 63-28 என்று வென்றார்கள். அன்று காலை எங்கள் தாக்குதல் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள், அந்த ஆட்டத்துக்கு வரும் வழியில் விமான விபத்தில் இறந்துவிட்டார். என்ஸ்மிங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பயிற்சியாளர் அறையில் போய் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். பரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார். அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

இறுதி ஆட்டம் நமக்கு 2020 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல். போகி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) கரும்பும் மஞ்சள் கொத்தும் குவிந்திருக்கும் நாள். எனக்குக் காலை ஷிப்ட், ஆலைக்குள் கைபேசியும் கூடாது. ஒரு சீன நண்பர் ஷிப்டை மாற்றிக்கொண்டார். பதிலுக்குச் சீனப் புத்தாண்டன்று அவருக்காக நான் நின்றேன். அவர்மேல் எனக்கு நன்றி மட்டும்தான். என் கோபம் அட்டவணை போடுபவர்மேல். கிறிஸ்மஸ், சீனப் புத்தாண்டு என்றால் "இந்தியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பெயர் தானாக விழும். தீபாவளி என்றால் மட்டும் "ஆள் பத்தாது, பாதிப் பேராவது வாருங்கள்". பொங்கலுக்கு லீவு கேட்டால் அது பொது விடுமுறையே இல்லையே என்று பாடம் எடுப்பார்கள். தெரியும் சார், அதனால்தான் லீவு கேட்கிறோம். இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், வேறு எங்கே சொல்வது?

சரி, ஆட்டம். கிளெம்சன் தொடர்ந்து 29 ஆட்டம் தோற்காத அணி. முதலில் 17-7 என்று முன்னே போனது. பிறகு பரோ எறிந்து ஐந்து, தானே ஓடி ஒன்று என்று ஆறு டச்டவுன். 42-25. பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. நடந்ததும் நியூ ஆர்லியன்ஸில், 2012-ல் தோற்ற அதே சூப்பர்டோமில்.

வெளிநாட்டு மோகம் என்று சொல்லக் கிளம்புபவர்களுக்கு: 2013-ல் சுந்தரமூர்த்தி பயிற்சியில் லயன்ஸ் டுவெல்வ் என்ற நம் சிங்கப்பூர் அணி (காலால் உதைக்கும் கால்பந்து) மலேசிய சூப்பர் லீக்கை வென்ற வருடம் ஜாலான் புசார் அரங்கில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்த அணியையே 2015-ஓடு முடித்துவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்? அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பையன்கள் மண்டையில் அடிபடுகிறார்கள், அந்தச் சமயத்தில் விளம்பரக் காசுகூட வாங்க அனுமதியில்லாமல் ஆடினார்கள், பயிற்சியாளர்களுக்கு மட்டும் லட்சலட்சமாகச் சம்பளம் என்பதும் தெரியும். அதை நான் நியாயப்படுத்தவில்லை.

உங்கள் கணவரிடம் காரணம் கேட்பதைவிட, அந்த ஊரில் அவருக்கு முதலில் சோறு போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். கத்துவதற்கு ஹெட்போன் உதவாது, நாங்கள் முயன்றுவிட்டோம். கதவைச் சாத்திவைப்பது ஓரளவு உதவும். அவர் படித்தது அலபாமா என்றால் மட்டும் இந்தப் பதிலைக் காட்ட வேண்டாம்.