வலியைக் கேட்டு எழுதுபவர்களுக்கு: கேள்வி பதில்

குடும்ப வன்முறை, தற்கொலை, பேரிடர் இழப்பு பற்றி நேர்காணல் எடுக்கும் களக்குழுக்களுக்குப் பயிற்சி தருகிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி, மதுரை): குடும்ப வன்முறை பற்றிப் பேட்டி எடுத்துவிட்டு வந்தால் இரவில் தூக்கமே வருவதில்லை மேடம். அந்த அக்கா சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் அம்மா. பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் மனமும் காயப்படும் என்று மெக்கேன், பெர்ல்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-லேயே சிகிச்சையாளர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். சிகிச்சையாளராவது அடுத்த வாரமும் அந்த நபரைப் பார்ப்பார், ஏதாவது செய்வார். நீங்கள் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறீர்கள். நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற அந்த எண்ணம்தான் பலரை அரிக்கிறது.

அதனால் போகும்போதே 181 மகளிர் உதவி எண்ணையும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வாயால் சொல்லுங்கள். அவர் கேட்காமல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம், கணவர் கையில் சிக்கினால் ஆபத்து. ஒரு நாளைக்கு இரண்டு பேட்டிக்கு மேல் வைக்காதீர்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் 14416, அதாவது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பேட்டியின் நடுவே நானும் அழுதுவிட்டேன். தப்பா?

பதில்: இல்லை. கண் கலங்கினால் கலங்கட்டும். ஆனால் அவர் உங்களைத் தேற்றும் நிலை வரக்கூடாது. அப்படித் தோன்றினால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசலாமாக்கா?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் கலங்கினீர்கள் என்பதைக் களக்குறிப்பில் எழுதுங்கள், பகுப்பாய்வில் உதவும்.

கேள்வி (ஒலிப்பதிவை எழுத்தாக்குபவர்): நான் களத்துக்கே போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆடியோவைக் கேட்டு டைப் செய்கிறேன், அவ்வளவுதான். எனக்கும் மனசு கனக்கிறது என்றால் நம்புவார்களா?

பதில்: நான் நம்புகிறேன். பேட்டி எடுத்தவர் அந்த வாக்கியத்தை ஒரே ஒரு முறைதான் கேட்டார். குக்கர் விசிலில் அமுங்கிப்போன ஒரு சொல்லைப் பிடிக்க நீங்கள் அதே இடத்தை ஐந்தாறு தடவை பின்னுக்கு ஓட்டிக் கேட்கிறீர்கள், அதுவும் ஹெட்போனில். பேட்டி முடிந்ததும் அந்தப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காபி கொடுத்து வழியனுப்பியதை அவர் பார்த்தார். உங்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது, அழுகையோடு ஃபைல் முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பங்களில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு ஃபைலோடும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடினமானதைப் பகலில் முடியுங்கள், படுக்கப்போகும் முன் வேண்டாம். ஆடியோ நிமிடக் கணக்கில் கூலி என்றால் இடைவெளி எடுக்க மனசு வராது, தெரியும். அதனால் இந்த வேலைக்குக் கூடுதல் கூலி கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி (பேராசிரியர்): மாணவர்களுக்கு வழிகாட்டியாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சார், "தைரியமா இரு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வுக்குழுவினருக்குச் சிறப்புப் பயிற்சியும் தொடர்ந்த ஆதரவும் வேண்டும் என்கின்றன. ஆகவே மனநல ஆலோசகருக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேருங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. களத்துக்கு இருவராக அனுப்புங்கள். அன்று மாலையே ஒரு போன் போடுங்கள். எத்தனை பேட்டி முடிந்தது என்ற கேள்வி அப்புறம் இருக்கட்டும்.

கேள்வி: என் மனைவி கள ஆய்வாளர். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் எரிச்சல்படுகிறார்.

பதில்: கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் தம்பி. உங்களிடம்கூடச் சொல்ல முடியாது. அதனால் பேட்டியில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். பேட்டி இருக்கும் நாட்களில் இரவுச் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.