கால்வாய்க் கரைப் பப்பில் ஆறிப்போன மீன்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ஸ்லவ் பக்கம் இருக்கிறோம். மதுரையிலிருந்து அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு கிராமத்துப் பப்புக்கு ஆறு பேராகச் சாப்பிடப் போனோம். வெளியே பெஞ்சில் 25 நிமிடம் உட்கார்ந்திருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. அப்புறம்தான் உள்ளே போய் கவுண்டரில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. சாப்பாடு 104 பவுண்டு, பானங்கள் 24, அதன் மேல் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 16, ஆக 144 பவுண்டை முன்பே கார்டில் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு வர ஒரு மணி 20 நிமிடம் ஆனது. இரண்டு மீன் வறுவல் தட்டுகள் ஆறிப்போயிருந்தன. அம்மா சைவம் என்று சொல்லியும் அவர் தட்டில் மாட்டிறைச்சிக் கிரேவியை ஊற்றி வைத்திருந்தார்கள். மாமாவின் பீரில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டதற்கு, "இவ்வளவு கூட்டத்தில் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டு கவுண்டரில் இருந்த பெண் போய்விட்டார். ரீஃபண்ட் கிடையாதாம். எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா? எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடத்தினார்களா? இதை இணையத்தில் விமர்சனமாக எழுதினால் வழக்குப் போடுவார்களா?

பதில்: உரிமை இருக்கிறது. 144 பவுண்டும் திரும்பாது, ஆனால் அதில் ஒரு நல்ல பங்கைக் கேட்கலாம். எவ்வளவு என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.

முதலில் அந்த 25 நிமிடத்தைப் புகாரில் சேர்க்காதீர்கள். இங்கே பெரும்பாலான பப்பில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்கு நாமே போய், சொல்லி, பணம் கட்டிவிட்டு வர வேண்டும். கவுண்டரில் வரிசை இருப்பது போலத் தெரியாது, ஆனால் உண்டு. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது பீர் ஊற்றுபவரின் மனதில் இருக்கும். ஒதுங்கி நின்றால் யாருடனோ கூட வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். கவுண்டர் விளிம்பில் கை படும்படி நிற்க வேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்திருக்காது. நம்மவர்கள் ஒருமுறையாவது இப்படிக் காத்திருந்து நொந்துபோயிருப்பார்கள்.

மீதி எல்லாம் நியாயமான புகார்தான். அந்தத் தாமதம் எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிக்க வந்த புதிதில் இரண்டு கோடைக்காலம் தேம்ஸ் கரையில் ஒரு பப்பின் சமையலறையில் வேலை பார்த்தவன் நான். நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தச் சமையலறையில் அடுப்புக்கு எதிரே நீளமாக ஓர் அலுமினியச் சட்டம் இருக்கும். கவுண்டரில் ஆர்டர் அடித்ததும் குட்டி பிரிண்டர் கிர்ரென்று சீட்டைத் தள்ளும், கிழித்துச் சட்டத்தில் செருகுவோம். மழை நாளில் நாலு சீட்டு தொங்கினால் அதிகம். வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குச் சட்டத்தில் இடமே இருக்காது, கிழிக்காத சீட்டு நாடா மாதிரித் தரையைத் தொடும். உள்ளே நாற்பது பேர் உட்காரும் கடைக்கென்று கட்டிய சமையலறை அது. வெயில் வந்தால் கரையிலும் புல்வெளியிலும் இன்னும் நூறு பேர் உட்கார்ந்துவிடுவார்கள், படகை நிறுத்திவிட்டு வருபவர்கள் வேறு. பொரிக்கும் தொட்டியோ அதே ஒன்றுதான். ஒரே நேரத்தில் நாலு மீன் துண்டுக்கு மேல் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, மேல்மாவு மொறுமொறுப்பாகாமல் எண்ணெயைக் குடித்துவிடும். ஆறு பேர் மேசையென்றால் ஆறு தட்டும் சேர்ந்துதான் போக வேண்டும். ஐந்து தயாராகி, ஆறாவதுக்காகச் சூட்டு விளக்கின் கீழே கால் மணி நேரம் நிற்கும். உங்கள் மீன் பெரும்பாலும் அங்கேதான் ஆறியிருக்கும். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்காற்றில் நடந்து வர வேண்டும்.

இவ்வளவும் கடை நடத்துபவருக்குத் தெரிந்த சங்கதி. ஞாயிறு வெயில் அடிக்கும் என்று வெள்ளிக்கிழமையே வானிலை சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, ஆர்டர் வாங்கும்போதே "ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்க வேண்டும். சமையலறை திணறும்போது அரை மணி நேரம் சாப்பாட்டு ஆர்டரை நிறுத்தும் நல்ல கடைகள் இருக்கின்றன. உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு நேரத்தைச் சொல்லாமல் விட்டார்களே, தவறு அங்கேதான். கூட்டம் என்பது அவர்களுடைய வருமானம், அதையே உங்களிடம் சாக்காகச் சொல்லக் கூடாது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். நேரம் பேசிக்கொள்ளவில்லை என்றால் நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். கொடுக்கும் பொருள் திருப்தியான தரத்தில், சொன்னபடி இருக்க வேண்டும். தவறினால் விலையில் பொருத்தமான அளவைக் குறைக்கக் கேட்கலாம். "ரீஃபண்ட் கிடையாது" என்று வாயால் சொன்னாலும் சரி, பலகை மாட்டினாலும் சரி, இந்த உரிமை போகாது. அம்மாவின் தட்டு இதையும் தாண்டிய விஷயம். வாடிக்கையாளர் கேட்ட வகையில் இல்லாத உணவை விற்பது 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 14ஆம் பிரிவின்படி குற்றம். சைவம் என்று சொல்லி வாங்கிய தட்டில் இறைச்சிக் கிரேவி இருப்பதை ஏதோ கவனக்குறைவு என்று சிரித்து ஒதுக்க முடியாது. காலமெல்லாம் தொடாத ஒன்றை அந்த வயதில் அவர் வாயில் வைக்க நேர்ந்தது பெரிய விஷயம்தான். கூச்சப்படாமல் அழுத்தமாகவே எழுதுங்கள்.

நுரை சின்ன விஷயம், உடனே தீர்ந்திருக்கும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. நுரையும் சேர்த்துத்தான் அளவு என்றாலும் குறைந்தது 95 சதவீதமாவது பீராக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சொந்த வழிகாட்டுதல். "கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள்" என்று கிளாஸை நீட்டினால் முகம் சுளிக்காமல் நிரப்ப வேண்டும். இன்னொன்று, மது விற்கும் உரிமம் உள்ள கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமத்தின் கட்டாய நிபந்தனை அது. அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுத்திருந்தால் அடுத்த முறை தேவையில்லை.

அன்று எங்கே சறுக்கியது என்று எனக்குப் புரிகிறது. வெளியூரிலிருந்து வந்த பெரியவர்கள் முன்னால் சண்டை வேண்டாம் என்று பொறுத்துப் பொறுத்து, சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டிருக்கிறீர்கள். காலித் தட்டைக் காட்டி ஆறியிருந்தது என்றால் யாரும் நம்பத் தயங்குவார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதுமே தட்டோடு கவுண்டருக்குப் போயிருக்க வேண்டும். தட்டு தூக்கி வரும் பையனிடம் சொல்லிப் பயனில்லை. கிராமத்துப் பப்பில் பாதிப் பேர் வார இறுதிக்கு மட்டும் வரும் பள்ளிப் பிள்ளைகள், விலையைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. "மேனேஜரையோ லேண்ட்லார்டையோ பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். இங்கே லேண்ட்லார்ட் என்றால் வீட்டுக்காரர் இல்லை, பப்பை நடத்துபவர். அவரிடம் குரல் உயர்த்தாமல், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இந்த இரண்டையும் புதிதாகப் பொரித்துத் தாருங்கள், இல்லையென்றால் இவற்றின் விலையை எடுத்துவிடுங்கள்." என்ன வேண்டும் என்று சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் ஒரு 'சாரி'யோடு முடித்துவிடுவார்கள்.

கோபத்தில் பணம் கட்டாமல் எழுந்து வருவது மட்டும் கூடவே கூடாது. 1978ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் பணம் கட்டாமல் நழுவுவது தனிக் குற்றம். சாப்பிட்ட பின் பில் வரும் இடமாக இருந்து, தொகையில் தகராறு வந்தால், நியாயம் என்று படுவதைக் கட்டி, பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். ஓடி ஒளியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, இப்போது என்ன செய்வது? பில்லைத் தேடி எடுங்கள். அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதற்குத்தான் எழுத வேண்டும். பப்பின் பெயர்ப் பலகையை நம்ப வேண்டாம். சில பப்புகளைப் பெரிய கம்பெனியே மேனேஜர் வைத்து நடத்தும், அங்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் வேகமாக நகரும். சிலவற்றில் கட்டடம் மதுபானக் கம்பெனிக்குச் சொந்தம், நடத்துபவர் குத்தகைக்காரர். உங்களிடம் பணம் வாங்கியவர் அவர்தான், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பில் தொலைந்திருந்தால், மது உரிமத்தின் சுருக்கத்தைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் வைத்திருப்பவர் பெயரும், பொறுப்பாளர் பெயரும் அதில் இருக்கும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். எந்தத் தேதி, எந்த மேசை, எத்தனை மணிக்கு ஆர்டர், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எது எப்படி இருந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. அப்புறம் கேட்கும் தொகை. மீன் தட்டு ஒன்று 18 பவுண்டு, அம்மாவின் தட்டு 16 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீனுக்கும் பாதி விலை, 18. அம்மாவின் தட்டுக்கு முழு விலை, 16. சர்வீஸ் சார்ஜ் 16. மொத்தம் 50 பவுண்டு. 14 நாளுக்குள் பதில் வேண்டும் என்று முடியுங்கள். 144ஐயும் கேட்டால் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள், 50 என்று கணக்கோடு கேட்டால் மறுக்கக் கஷ்டம்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒரு வார்த்தை. "விருப்பப்பட்டால்" என்று போட்டிருந்தால், பில்லில் ஏறிய பிறகும் எடுக்கச் சொல்லலாம். சேவை நடக்கும் முன்பே வாங்கியிருப்பதால் திரும்பக் கேட்பதும் நியாயமே. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதுமாக ஊழியர்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த 16ஐப் பிடித்தால் முதலாளிக்கு வலிக்காது, பாத்திரம் கழுவும் பையனுக்குத்தான் வலிக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சாப்பாட்டு விலையில் 34 மட்டும் கேட்டுவிட்டு, சர்வீஸ் சார்ஜை விட்டுவிடுவேன். முடிவு உங்களுடையது.

பதில் வராவிட்டால், இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133ஐ அழையுங்கள். கிரேவி விஷயத்தை, வணிக விதிமீறல்களை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டுப் பார்க்கலாம். அது சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனங்களின் விதி, காலக்கெடுவும் உண்டு, தள்ளிப்போடாதீர்கள். சிறு வழக்கு நீதிமன்றம் வரை போக 50 பவுண்டுக்கு நான் சொல்லமாட்டேன், கட்டணமே 35 ஆகிறது.

நிறத்தைப் பற்றிய கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தாமதத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அன்று அந்தக் கரையில் எல்லோருமே காத்திருந்திருப்பார்கள். ஆனால் உங்களுக்குப் பின் ஆர்டர் கொடுத்த வெள்ளைக்கார மேசைக்கு முதலில் தட்டு போனதா? அவர்கள் புகாருக்கு ஒரு பதில், உங்களுக்கு வேறு பதிலா? ஏதாவது சொல் விழுந்ததா? குடும்பத்தில் ஒவ்வொருவரும் நினைவில் இருப்பதைத் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், இன்றே எழுதி வையுங்கள். பப்காரர் காரணம் சொல்லாமலே யாருக்கும் சேவை மறுக்கலாம், ஆனால் இனம், மதம், பாலினம், உடற்குறைபாடு போன்ற காரணங்களுக்காக மறுப்பதும் மட்டமாக நடத்துவதும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி தவறு. வழக்குக்கு ஆறு மாதத்தில் ஒரு நாள் குறைவுதான் அவகாசம். எழுதியதைப் படித்துப் பார்த்து மனம் உறுத்தினால் சமத்துவ ஆலோசனை உதவிச் சேவையிடம் (EASS) பேசுங்கள்.

விமர்சனம் தாராளமாக எழுதலாம். நடந்தது உண்மை என்று காட்ட முடிந்தால், உங்கள் கருத்தும் நேர்மையானதாக இருந்தால், 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. "ஒரு மணி 20 நிமிடம் ஆனது, மீன் ஆறியிருந்தது" என்று எழுதுங்கள். "ஏமாற்றுக்காரர்கள்" என்று எழுதாதீர்கள். கடிதத்துக்குப் பதில் வரும்வரை பொறுத்து எழுதினால் அந்தப் பதிலையும் சேர்த்து எழுதலாம்.

அம்மா இங்கே இருக்கும்வரை ஒன்றைக் கவனியுங்கள். "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் இங்கே சமையலறையில் எல்லாம் பிடிபடாது. யார்க்ஷயர் புட்டிங் என்கிற, மாவைக் கரைத்துச் சுடும் பண்டத்தை மாட்டுக் கொழுப்பில் சுடும் கடைகள் உண்டு, உருளைக்கிழங்கை அதிலேயே பொரிப்பவர்களும் உண்டு. பல இடங்களில் சிப்ஸும் மீனும் ஒரே எண்ணெய்தான். கிரேவி தனிச் சட்டியா, எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு என்று கவுண்டரிலேயே கேட்டு, சீட்டில் "கிரேவி வேண்டாம்" என்று அடிக்கச் சொல்லுங்கள். சீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் சமையல்காரர் தட்டில் வைப்பார், நாம் வாயால் சொன்னது அவர் காது வரை போயிருக்காது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், சமையலறையின் அலுமினியச் சட்டத்தில் நாலு சீட்டுகூட இருக்காது.