மேட்டிங் ஆடுகளத்தில் வேகம் வீசும் பையனுக்கு எந்த ஷூ?

குப்பத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 14 வயது. பள்ளி அணியில் வலது கை வேகப்பந்து வீசுகிறான். சிமென்ட் தளத்தின் மேல் மேட்டிங் விரித்த ஆடுகளம், சுற்றிலும் இறுகிய செம்மண். ஓடுவதற்கு வாங்கிய ஷூவைப் போட்டுத்தான் ஆடுகிறான். இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. குதிகாலும் வலிக்கிறது என்கிறான். வலது ஷூவின் முனையோ இரண்டே மாதத்தில் ஓட்டையாகிவிடுகிறது. இரும்பு ஆணி வைத்த கிரிக்கெட் ஷூ வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். விலையும் அதிகம். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம் ஐயா. விலைக்காகச் சொல்லவில்லை. அந்த ஆணி உங்கள் மகன் ஆடுகிற தரைக்கு உரியது அல்ல.

குப்பத்தில் பிறந்து, ரயிலேறி ஆம்பூர் போய், அங்கே ஒரு ஷூ தொழிற்சாலையின் மாதிரிப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒரு ஷூவைக் கையில் வாங்கினால் முதலில் புரட்டி அடியைத்தான் பார்ப்பேன். அது எந்தத் தரைக்காகச் செய்யப்பட்டது என்பதை அடிப்பாகம் சொல்லிவிடும்.

கிரிக்கெட் ஷூ இங்கிலாந்தின் ஈரப் புல்லில் உருவானது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அன்றாடம் போடுகிற கொக்கி வைத்த ஷூவோடுதான் ஆடினார்கள். பந்தைப் பொறுக்கக் குனிந்தவரின் விரல் நகம் தன் ஷூவின் கொக்கியிலேயே பட்டுப் பிய்ந்ததைப் பார்த்ததாக, அந்தக் காலத்து மட்டையாளர் வில்லியம் பெல்டம் முதுமையில் சொன்னது பதிவாகியிருக்கிறது. பிறகு கணுக்காலை மூடும் வெள்ளைத் தோல் பூட்ஸ் வந்தது. ஈரப் புல்லில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் ஆணி ஏறியது. திருகிக் கழற்றும் ஆணி வந்தது அதற்கும் பிறகுதான். ஆணியின் வேலை ஒன்றே ஒன்று: மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பது.

சிமென்டுக்குள் ஆணி இறங்காது. மேட்டிங்கின் கயிற்றுப் பின்னலைத் துளைத்து, கீழே சிமென்டில் முட்டி நிற்கும். ஒன்று, அங்கே வழுக்கும். அல்லது, பின்னலில் சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டாவதுதான் எனக்கு அச்சம் தருவது. பந்தை விட்ட பிறகு உடல் சுழல்கிறது. பாதமும் கூடவே திரும்ப வேண்டும். பாதம் சிக்கி நின்றுவிட்டால் அந்தத் திருகலை முழங்காலும் கணுக்காலும்தான் தாங்க வேண்டும். வளர்கிற பிள்ளையின் மூட்டுக்கு அந்தச் சோதனை வேண்டாம். மேட்டிங்கும் ஒரு பருவத்திலேயே நார்நாராகிவிடும்.

அவனுக்கு வேண்டியது அடிப்பாகம் முழுவதும் ரப்பர் குமிழ்கள் வைத்த கிரிக்கெட் ஷூ. 'ரப்பர் ஸ்டட்' என்று கேளுங்கள். குமிழ்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கட்டும். உயரமான சில குமிழ்கள் மட்டும் உள்ள கால்பந்து ஷூவைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடினத் தரையில் அந்தச் சில புள்ளிகளே முழு எடையையும் தாங்கும், பாதம் நொந்துபோகும்.

இனி அந்தக் கறுத்த நகம். "ஷூ சின்னதாகிவிட்டது" என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். உடனே, வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடுவார்கள். நகம் இன்னும் கறுக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

கோட்டருகே இடது கால் இறங்கும்போது ஷூ தரையில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் பாதம் நிற்பதில்லை. முன்னால் சறுக்கிப்போய்க் கட்டைவிரல் முனையில் மோதுகிறது. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் இறங்கும் கணத்தில் தரையின் எதிர்விசை உடல் எடையைப் போல் ஐந்து மடங்கையும் தாண்டுவது சாதாரணம். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். இரண்டு எண் கூட்டினால் 17 மில்லிமீட்டர். பாதம் அத்தனை தூரமும் ஓடி வந்து மோத நீங்களே இடம் விட்டுக் கொடுத்ததாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் வி.கோட்டா பையன் ஒருவனின் பழைய ஷூவைப் பிரித்துப் பார்த்தேன். இடது ஷூவின் உள்ளே பாதத்துக்குக் கீழே விரிக்கிற இன்சோலில் கட்டைவிரல் இருந்த இடம் சிறு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அந்தக் குழிக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு, சறுக்கிச் சறுக்கித் துணி பளபளவென்று தேய்ந்திருந்தது. குதிகால் பக்கமோ புதிதுபோல இருந்தது. அவன் குதிகால் அந்த ஷூவில் ஒரு நாளும் சரியாக உட்காரவே இல்லை.

நீளத்தைப் போலவே குதிகாலின் பிடியையும் பாருங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடுகிற அதே தடித்த காலுறையோடு கடைக்கு அழைத்துப் போங்கள். நிற்க வைத்துப் பாருங்கள். உட்கார்ந்த பாதம் சிறுத்திருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது. பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். குதிகாலைச் சுற்றி உள்ளே வைத்துத் தைக்கும் கெட்டித் துண்டை எங்கள் தொழிலில் 'கவுண்டர்' என்போம். அதை இரண்டு விரலால் அழுத்துங்கள். அட்டைப் பெட்டிபோல அமுங்கினால் வேண்டாம்.

கயிறு கட்டுவதிலும் ஒரு வழி உண்டு. மேலே கடைசியாக, சற்றுத் தள்ளி ஒரு துளை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. கயிற்றை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் செய்யுங்கள். எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் கவுண்டரோடு ஒட்டி நிற்கும், பாதம் முன்னால் ஓடாது. இப்போது இருக்கிற ஷூவிலேயே இன்று மாலை செய்து பார்க்கலாம்.

பெரிய வீரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2020 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டில் முகமது ஷமியின் ஷூ முனையில் ஓட்டை இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். விரல் மோதாமல் இருக்க வீச்சாளர்கள் வேண்டுமென்றே அப்படி வெட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது வேண்டாம். அளவைச் சரிசெய்தாலே போதும், நகத்தையும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

வலது முனை ஓட்டையாவதற்குக் காரணம் வேறு. பந்தை விடும்போது அவன் பின்காலை இழுக்கிறான். இதில் தவறு எதுவும் இல்லை. கோட்டைத் தாண்டி வீசினால் அந்தப் பந்து செல்லாது என்கிற நோ-பால் விதி முன்பு பின்காலை வைத்துத்தான் இருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வீசியவர்கள் உண்டு. 1958-59-இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கோர்டன் ரோர்க் அப்படி வீசியது பெரிய சர்ச்சையானது. இழுக்கிற ஷூவின் முனையில் உலோகத் தகடு அடித்துக்கொண்டார்கள். 1960-களில் விதி முன்காலுக்கு மாறிய பிறகு தகடு போய்விட்டது, இழுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கத்தான் செய்கிறது. முனையில் ரப்பர் ஏறி மூடிய ஷூவாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால், வாங்கிய அன்றே செருப்புத் தைக்கும் நல்ல தொழிலாளியிடம் கொடுத்து ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டித் தைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு தைத்தால் நிற்காது.

ஓட்டப் பயிற்சி ஷூ நேராக ஓடுவதற்குச் செய்தது. அதன் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும்; பக்கவாட்டில் விசை வந்தால் சாய்ந்துவிடும். கிரிக்கெட் ஷூவை வாங்கும்போது இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம்.

குதிகால் வலியை மட்டும் ஷூவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. கடினத் தரையில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வலி வருவது உண்டு. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கும் நாளில் வீச விடாதீர்கள். கீழ் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் தாமதிக்கவே வேண்டாம். வேகம் வீசுவது எந்த உடம்பையும் வாட்டும். சுரங்கத்தில் வேலை செய்து இறுகிய உடம்புக்காரரான இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹெரால்டு லார்வுட்டுக்கே 1933-இல் சிட்னி டெஸ்டில் இடது பாத எலும்பு உடைந்தது.

நாளை அவன் புல் ஆடுகளத்தில் ஆடத் தேர்வாகலாம். அப்போது ஆணி ஷூ வாங்குங்கள். ஆணியைக் கழற்றி ரப்பர்க் குமிழ் மாட்டக்கூடிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது. வீசிய பின் ஆடுகளத்தின் நடுப்பகுதியில் ஓடக் கூடாது என்பதையும் இப்போதே பழக்குங்கள். நடுவர் இரண்டு முறை எச்சரிப்பார். மூன்றாவது முறை அந்த இன்னிங்ஸில் அவனால் வீச முடியாது.

நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்க வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசை போய் வெடித்துவிடும், ஒட்டிய பசையும் விட்டுவிடும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். இரவில் ஒரு முறை தாளை மாற்றினால் காலை ஆட்டத்துக்குக் காய்ந்திருக்கும்.